நாவலுக்குப் பக்கத்தில் ஓர் அபுனைவு: ஜோடியாகப் படித்த சில நூல்கள்

"சமீபத்தில் படித்த புனைவு, அபுனைவு நூல்களில் எவற்றைப் பரிந்துரைப்பீர்கள்? ஏன்?" என்பது கேள்வி. ஒவ்வொன்றாகச் சொல்வதைவிட ஜோடியாகச் சொல்லவே விரும்புகிறேன். கொஞ்ச காலமாக நான் படிப்பதும் அப்படித்தான். ஒரு நாவலை முடித்த கையோடு, அதே நிலத்தையோ அதே காலத்தையோ பேசும் அபுனைவு நூல் ஒன்றைத் தேடி எடுக்கிறேன். முதல் நூலின் மனிதர்கள் மனத்தைவிட்டு இறங்குவதற்குள் இரண்டாவதைத் தொடங்கிவிட வேண்டும். நாவல் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டது எது, வரலாறு உள்ளே போக முடியாமல் வாசலில் நின்றது எங்கே என்பதெல்லாம் இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் துலங்குகிறது. தனியாகப் படித்திருந்தால் நல்ல நூல் என்று சொல்லிக் கடந்திருக்கக்கூடிய சில நூல்கள் இப்படிப் படித்ததால் என்னோடு தங்கிவிட்டன.

முதலில் சொல்ல வேண்டிய ஜோடி, அன்னா பர்ன்ஸ் எழுதிய 'மில்க்மேன்' நாவலும் பாட்ரிக் ராடன் கீஃப் எழுதிய 'சே நத்திங்' என்ற அபுனைவு நூலும். இரண்டும் 2018இல் வெளிவந்தவை. நாவல் அவ்வாண்டு புக்கர் பரிசு பெற்றது. இரண்டுக்கும் களம் ஒன்றே: ஆயுத மோதலில் சிக்கியிருந்த 1970களின் வட அயர்லாந்து. ஆனால் 'மில்க்மேன்' அந்த ஊரின் பெயரைச் சொல்வதே இல்லை. கதாபாத்திரங்களுக்கும் பெயர் கிடையாது. கதை சொல்பவள் பதினெட்டு வயதுப் பெண். வீட்டில் அவள் 'நடு அக்கா'. மற்றவர்கள் மூன்றாம் மைத்துனர், நெடுநாள் தோழி, காதலனாக இருக்கக்கூடியவன். தலைப்பில் இருக்கும் பால்காரன் பால் விற்பவனும் இல்லை. ஆயுதக் குழுவைச் சேர்ந்த, அவளைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த ஆள். அவன் அவளைத் தொடுவதுகூட இல்லை. அவள் போகும் வழியில் வண்டியை நிறுத்துவான், அவள் ஓடும்போது கூட ஓடுவான், அவளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன்போல் பேசுவான், அவ்வளவுதான். அதற்குள் ஊர் அவர்கள் இருவரையும் இணைத்துப் பேசிவிடுகிறது. மறுத்தாலும் அது வதந்திக்குத் தீனி, மௌனமாக இருந்தாலும் தீனி.

புத்தகப் பிரியர்கள் இந்த நாவலைத் தவறவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெண் நடந்துகொண்டே புத்தகம் படிப்பவள். அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் மட்டும்; இருபதாம் நூற்றாண்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பழக்கம் ஊரைத் தொந்தரவு செய்கிறது. நெடுநாள் தோழி அவளை உட்காரவைத்துக் கண்டிக்கிறாள். வெடிமருந்தோடு ஒருவன் திரியலாம், நான் தெருவில் ஒரு நாவல் படிக்கக் கூடாதா என்று இவள் கேட்கிறாள். தோழிக்கு அந்தக் கேள்வி தடுமாற்றம் தருவதே இல்லை. வெடிமருந்து அங்கே வழக்கமான பொருள், நடந்துகொண்டே படிப்பதுதான் விபரீதம். ஒரு சமூகம் எந்த அளவுக்கு நிலைகுலைந்திருக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய உரையாடலை நான் அண்மையில் வேறெங்கும் படிக்கவில்லை.

இன்னொரு காட்சியும் உண்டு. மாலைநேரப் பிரெஞ்சு வகுப்பில் ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். அஸ்தமன நேரம், வானத்தில் எத்தனையோ நிறங்கள். மாணவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். அவர்கள் ஒரே குரலில் வானம் நீலம்தான் என்று சாதிக்கிறார்கள். வேறு நிறம் இருப்பதை ஒப்புக்கொண்டால் வேறு எதையெல்லாம் ஒப்புக்கொள்ள நேருமோ என்ற பயம். படிப்பதற்குக் கடினமான நாவல்தான். பத்திகள் பக்கக்கணக்கில் நீள்கின்றன, ஒரு எண்ணம் தொடங்கி முடிவதற்குள் நாலு கிளை பிரிகிறது. முதல் ஐம்பது பக்கங்களைப் பொறுத்துக்கொண்டால் அந்தக் குரல் உங்களைத் தன்போக்கில் அழைத்துச் செல்லும்.

இதை முடித்ததும் 'சே நத்திங்' நூலை எடுங்கள். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நகரின் டிவிஸ் குடியிருப்பிலிருந்து ஜீன் மெக்கன்வில் என்ற பெண் கடத்தப்படுகிறார். கணவரை இழந்தவர், பத்துப் பிள்ளைகளின் தாய். அவர் திரும்பவே இல்லை. வந்தவர்களில் சிலர் முகத்தை மறைத்திருக்கவில்லை. அவர்கள் அக்கம்பக்கத்தினர் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் பிரிக்கப்பட்டுக் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒருவர் வாடகைக் காரில் ஏறுகிறார். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்ததும் தெரிகிறது: அன்று அம்மாவை இழுத்துச் சென்றவர்களில் ஒருவன். இருவரும் எதுவும் பேசவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்ததும் அந்த மகன் கட்டணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறார்.

இந்த இடத்தில் நான் நூலை மூடி வைத்துவிட்டு 'மில்க்மேன்' நாவலின் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவள் ஏன் யாரிடமும் முறையிடவில்லை, ஏன் முகத்தை வெறுமையாக வைத்துக்கொள்ளப் பழகினாள் என்ற கேள்விக்கு நாவலுக்குள்ளேயே பதில் இருக்கிறது. அந்த வாடகைக் காருக்குள் உட்கார்ந்த பிறகு அந்தப் பதில் உடம்பில் இறங்கிவிடுகிறது. மறுபுறம், அந்தப் பயணத்தின்போது மகனின் மனத்துக்குள் என்ன ஓடியது என்று எழுத கீஃப்புக்கு உரிமை இல்லை. அவர் பத்திரிகையாளர், அந்த எல்லையை மதிக்கிறார். அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதைத்தான் பர்ன்ஸ் முந்நூறு பக்கங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார்.

கீஃப்பின் நூலில் இன்னொரு இழையும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, முன்னாள் ஆயுதப் போராளிகளின் வாக்குமூலங்களை ஒலிநாடாக்களில் பதிவு செய்தது. பேசியவர் இறக்கும்வரை வெளியிட மாட்டோம் என்று வாக்களித்தது. பிறகு அந்த நாடாக்களில் சிலவற்றைக் காவல்துறை நீதிமன்றத்தின் வழியே பெற்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க வாய் திறக்காதவர்கள் ஒருமுறை மனம்விட்டுப் பேசியதற்குக் கிடைத்த விளைவு இது. ஜீனின் உடல் 2003இல் ஒரு கடற்கரையில் கிடைத்தது. குழந்தைகளின் அணையாடைக்குத் தேவைப்படும் என்று எப்போதும் உடையில் குத்தி வைத்திருந்த நீல நிற ஊக்கு இருக்கிறதா என்று பிள்ளைகளில் ஒருவர் கேட்கிறார். துணியின் மடிப்பைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஊக்கு அங்கே இருக்கிறது. நாவலாசிரியர் ஒருவர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று நானே குறை சொல்லியிருப்பேன். உண்மையில் நடந்தது என்பதால் எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரே பத்தியில் அது நிற்கிறது. நூலின் இறுதியில் நீண்ட ஆதாரக் குறிப்புகள் உள்ளன. பலரும் அவற்றைத் தாண்டிவிடுவார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். எந்த உரையாடலை யார் சொல்லி இவர் எழுதினார் என்று தேடிப் பார்ப்பது தனி வாசிப்பு.

இந்த ஜோடியில் வரிசை முக்கியம். நாவலை முதலில் படியுங்கள். ஊரின் பெயரையும் அமைப்புகளின் பெயரையும் பர்ன்ஸ் மறைத்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது: பெயர் தெரிந்துவிட்டால் யார் பக்கம் நியாயம் என்று நாம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். அபுனைவை முதலில் படித்தால் நாவல் அந்த வரலாற்றுக்கு வெறும் எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடும். ஜோடியாகப் படிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். நல்ல நாவலை வரலாற்றின் பின்னிணைப்பாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிடக் கூடாது.

இரண்டாவது ஜோடி ஒரே எழுத்தாளருடையது. ஆஸ்திரேலியரான ரிச்சர்ட் ஃபிளானகனின் 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்' நாவல் 2014இல் புக்கர் பரிசு பெற்றது. அவருடைய 'கொஸ்டின் செவன்' என்ற அபுனைவு நூல் 2024இல் பெய்லி கிஃபர்ட் பரிசு பெற்றது. புனைவுக்கான அந்தப் பரிசையும் அபுனைவுக்கான இந்தப் பரிசையும் சேர்த்துப் பெற்ற முதல் எழுத்தாளர் அவர்தான்.

இரண்டு நூல்களுக்கும் வேர் அவருடைய தந்தை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சயாம் – பர்மா ரயில் பாதையில் அடிமையாக வேலை செய்து உயிர் பிழைத்தவர் அவர். நாவல், கைதிகளின் எண்களில் ஒன்றான 335க்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அது தந்தையின் எண். பன்னிரண்டு ஆண்டுகள் எழுதி, பல வடிவங்களைக் கிழித்துப் போட்டு முடித்த நாவல் அது. முடிந்துவிட்டது என்று மகன் சொன்ன நாளிலேயே தந்தை இறந்துபோனார். இந்த நாவலுக்காக ஃபிளானகன் ஜப்பானுக்குப் போய், தந்தையின் முகாமில் காவலராக இருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தார். கைதிகளைக் கன்னத்தில் அறைவது அந்த முகாம்களின் அன்றாடத் தண்டனை. தன்னை அதேபோல அறையும்படி ஃபிளானகன் அவரைக் கேட்டுக்கொண்டார். அவர் அறைந்தார். மூன்றாவது முறை அறைந்தபோது அவர்கள் இருந்த அறையே ஆடத் தொடங்கியது. டோக்கியோவில் அந்த நேரத்தில் நிலநடுக்கம்.

நாவலில் டாரிகோ எவன்ஸ் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் மையம். தினமும் காலையில் எந்த நோயாளி வேலைக்குப் போக வேண்டும், யார் போக வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டியவர் அவர். போகச் சொன்னால் சாவு. தடுத்தால் ஜப்பானிய அதிகாரிகள் வேறு ஒருவனை இழுத்துப் போவார்கள். நாவலின் காதல் பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அது நீளம். முகாமின் அத்தியாயங்களோ மறக்க முடியாதவை. போருக்குப் பிறகு அந்த ஜப்பானிய அதிகாரியும் காவலரும் எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுதும் இடங்கள் என்னை நெடுநேரம் அலைக்கழித்தன. ஃபிளானகன் அவர்களை மன்னிக்கவும் இல்லை, அரக்கர்களாக்கவும் இல்லை.

'கொஸ்டின் செவன்' வேறொரு கணக்கைப் போடுகிறது. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அணுகுண்டைக் கற்பனை செய்து 1914இல் ஒரு நாவல் எழுதினார். லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர் அதைப் படித்திருந்தார். 1933இல் லண்டன் தெரு ஒன்றைக் கடக்கும்போது அணுக்கரு தொடர்வினை என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன் முடிவு ஹிரோஷிமா. அந்தக் குண்டு விழாமல் போர் நீண்டிருந்தால், அப்போது ஜப்பானியச் சுரங்கம் ஒன்றில் உழைத்துக்கொண்டிருந்த தந்தை செத்திருப்பார். மகன் பிறந்திருக்க மாட்டான். தன் பிறப்புக்கும் லட்சக்கணக்கானோரின் மரணத்துக்கும் நடுவே இப்படி ஒரு கோடு ஓடுவதை ஒருவர் எப்படித் தாங்கிக்கொள்வது? இந்த நூல் அந்தக் கேள்வியிலேயே நிற்கிறது. பதில் சொல்லி நம்மை அனுப்பிவைப்பதில்லை.

கடைசிப் பகுதியில் இருபத்தொரு வயதில் ஃபிராங்க்ளின் ஆற்றில் சிறுபடகு பாறைக்குள் சிக்கி மூழ்கும் நிலைக்குப் போனதை எழுதுகிறார். இதே அனுபவத்திலிருந்துதான் 1994இல் வந்த அவருடைய முதல் நாவல் பிறந்தது. ஒரே மனிதன் ஒரே சம்பவத்தை இளமையில் கதையாக எழுதுகிறான், முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் பெயரிலேயே எழுதுகிறான். புனைவு எங்கே முடிகிறது, அபுனைவு எங்கே தொடங்குகிறது என்று விவாதிக்கும் நண்பர்களிடம் இந்தப் பகுதியைத்தான் நான் நீட்டுவேன்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஜோடி பாதிதான். 1942–43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள்; அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போல் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஏராளம். படை மருத்துவர் இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை, ஊர் திரும்பி நினைவுக்குறிப்பு எழுத எழுத்தறிவும் பலருக்கு இல்லை. உலகம் அறிந்த நூல்களும் திரைப்படங்களும் பெரும்பாலும் வெள்ளைக் கைதிகளின் கதை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாதையைத் தமிழர் பக்கமிருந்து சொன்னவை மலேசியத் தமிழ் நாவல்கள்: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. ஃபிளானகனைப் படிக்கும் எவரும் இவற்றில் ஒன்றையாவது கூடவே படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். உலகத் தரம், பரிசு என்ற ஒப்பீட்டுக்குள் போக வேண்டாம். அதே மழை, அதே காலரா, அதே மூங்கில் காடு. அதில் இன்னொரு கூட்டம் இருந்தது என்பதை நம் மொழியில் படிக்கும்போது முதல் நாவலின் காட்சிகளே மாறிவிடுகின்றன.

அடுத்து ஹான் காங்கின் 'ஹியூமன் ஆக்ட்ஸ்'. 2024இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய 'தி வெஜிடேரியன்' நாவலைத் தமிழிலும் பலர் படித்திருப்பார்கள். 'ஹியூமன் ஆக்ட்ஸ்' 1980 மே மாதம் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றதைப் பற்றியது. டொங்-ஹோ என்ற சிறுவன் பிணங்கள் அடுக்கப்பட்ட கூடத்தில் வேலை செய்கிறான். நாற்றத்தை மறைக்க மெழுகுவர்த்தி ஏற்றுகிறான், அடையாளம் தேடி வருபவர்களுக்காகத் துணியை விலக்கிக் காட்டுகிறான். சுட்டது இந்நாட்டு ராணுவம்தானே, பிறகு ஏன் சவப்பெட்டியின் மேல் தேசியக் கொடியைப் போர்த்துகிறீர்கள், ஏன் தேசிய கீதம் பாடுகிறீர்கள் என்று கேட்கிறான். இந்த அத்தியாயம் முழுவதும் சிறுவனை 'நீ' என்று விளித்தே எழுதப்பட்டிருக்கிறது. ஹான் காங் பிறந்த ஊர் குவாங்ஜு. படுகொலைக்குச் சில மாதங்களுக்கு முன்தான் அவர் குடும்பம் சியோலுக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2024 டிசம்பர் 3 அன்று தென்கொரியாவில் மறுபடியும் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் சில மணி நேரத்தில் அதைத் தள்ளுபடி செய்தது. அதே வாரத்தில் ஹான் காங் நோபல் உரையாற்றினார். இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களைக் காப்பாற்ற முடியுமா என்று இந்த நாவலை எழுதியபோது தன்னைக் கேட்டுக்கொண்டதை அந்த உரையில் நினைவுகூர்ந்தார்.

இதற்கு இணையாக நான் வைப்பது குவாங்ஜு பற்றிய நூலை அல்ல. ஸ்வெத்லானா அலெக்சியேவிச் 1985இல் வெளியிட்ட, இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்த சோவியத் பெண்களின் வாய்மொழித் தொகுப்பான 'தி அன்வுமன்லி ஃபேஸ் ஆஃப் வார்' நூலை வைக்கிறேன். 2015இல் நோபல் பெற்றவர் அவர். நூற்றுக்கணக்கான பெண்களிடம் பேசி, அவர்கள் குரலிலேயே எழுதினார். ஒரு வீட்டில் கணவர் முந்தைய இரவு முழுவதும் மனைவிக்குப் போர் வரலாற்றுப் புத்தகத்தைப் படித்துக் காட்டிப் பயிற்சி கொடுத்திருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்தபடி சொல், அழாதே, பெண்களின் சில்லறை விஷயங்களைச் சொல்லாதே என்று. அவர் அப்பால் போனதும்தான் மனைவி தன் போரைச் சொல்ல ஆரம்பிக்கிறார். அந்தச் சில்லறை விஷயங்கள்தான் நூல். ஹான் காங் செய்திருப்பதும் ஏறக்குறைய இதுவே: சாட்சியங்களை அடுக்குகிறார், ஆனால் பேச முடியாதவர்களிடம் வாங்குகிறார். ஓர் அத்தியாயத்தில் பிணக்குவியலுக்குள் கிடக்கும் ஒருவனின் ஆவி பேசுகிறது. அலெக்சியேவிச்சின் ஒலிப்பதிவுக் கருவி அங்கே போக முடியாது. இந்த ஜோடிக்கு வரிசை எப்படி இருந்தாலும் சரி. ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள், மனம் தாங்காது.

கனமான நூல்களாகவே சொல்கிறேன் என்று தோன்றினால், இதோ மனத்தை விரிக்கும் ஒன்று. சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்', 2024இன் புக்கர். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே ஒரு நாள், பூமியைப் பதினாறு சுற்று. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணின் தாய் பூமியில் இறந்துவிடுகிறார், அவளால் போக முடியாது. கீழே ஒரு பெரும் புயல் உருவாகிறது, மேலிருந்து படம் எடுக்க மட்டுமே முடியும். நூற்று நாற்பது பக்கங்கள்கூட வராது. அதோடு மைக்கேல் காலின்ஸ் 1974இல் எழுதிய 'கேரியிங் தி ஃபயர்' படியுங்கள். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்தபோது மேலே தாய்க்கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். ஒவ்வொரு சுற்றிலும் நாற்பத்தெட்டு நிமிடம் நிலவின் மறுபக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்தார். அந்தப் பக்கம் முந்நூறு கோடிப் பேரும் கூட இருவரும், இந்தப் பக்கம் நான் ஒருவன் என்று எழுதுகிறார். அதில் பயமில்லை, ஒருவகை நிறைவுதான் தெரிகிறது. விண்வெளி வீரர்கள் எழுதியவற்றில் இவ்வளவு நல்ல நடை அபூர்வம். எழுதிக்கொடுக்க யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே எழுதியவர். ஹார்வியின் நாவலிலும் காலின்ஸ் எடுத்த புகைப்படம் ஒன்று பேசப்படுகிறது: அதில் இல்லாத ஒரே மனிதன் அதை எடுத்தவன் என்று. இந்த இரு நூல்களும் அங்கே கை குலுக்குகின்றன.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நேரம் குறைவாக இருப்பவர்கள் 'ஆர்பிட்டல்' – காலின்ஸ் ஜோடியிலிருந்து தொடங்கலாம். பொறுமை உள்ளவர்கள் 'மில்க்மேன்'. இவற்றை நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள். நட்சத்திர மதிப்பெண்ணும் வேண்டாம். வாடகைக் காரில் கட்டணம் எண்ணிக் கொடுத்த மகனைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். படிக்கக்கூடியவர் அதற்குமேல் கேட்க மாட்டார், புத்தகத்தைத்தான் கேட்பார். எங்கே தடுமாறினீர்கள், எந்தப் பகுதி சலிப்பூட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்பவரின் பரிந்துரையைத்தான் நான் நம்பி வாங்குகிறேன்.

இப்போது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மறுபடியும் எடுத்திருக்கிறேன். மேடானும் பினாங்கும் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலமும் அதில் உயிரோடு இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் வைக்க, அந்நகரங்களில் வட்டிக்கடைகளிலும் வணிகக் கடைகளிலும் வேலை பார்த்த தமிழர்களின் நினைவுக்குறிப்போ வாய்மொழித் தொகுப்போ தேடிக்கொண்டிருக்கிறேன். படித்தவர்கள் இருந்தால் தலைப்பைச் சொல்லுங்கள், கூடவே உங்களைப் பிடித்து நிறுத்திய ஒரு பக்கத்தையும்.